இறுதி வரைவும் ஒப்படைப்பும்

நம் தொடக்கப் பள்ளிகளில் நான்காம் ஆண்டு முதல் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ என்னும் பாடம் கற்பிக்கப்பெறுகின்றது. மாணவர் குழுவாகக் கூடிச் சிந்திக்கின்றனர், பலவாறு வரைகின்றனர், ஒன்றைத் தெரிந்தெடுக்கின்றனர். இதுவரை குறையில்லை. வரைபவர் ஒருவர், வெட்டுபவர் வேறொருவர் என்றாகும்போதே இடர் தொடங்குகின்றது.

இறுதி வரைவு அழகுப் படம் அன்று. கலந்துரையாடலில் இல்லாத ஒருவரும் அதைக் கொண்டே பொருளைச் செய்து முடித்தல் வேண்டும்.

சிறு நூல்தாங்கி ஒன்றைக் கொள்வோம். மொத்த நீளம் 300 மில்லிமீட்டர். இருபுறப் பலகைகளின் தடிப்புத் தலைக்கு 12. இடையே பொருந்தும் தட்டின் நீளம் யாது? 300 அன்று, 276. வரைவில் 300 என்று மட்டும் குறித்தால், தட்டையும் 300 ஆகவே அறுத்துவிடுவர். தாங்கி 324 ஆகிவிடும். ஆதலின் ஒவ்வோர் உறுப்பின் நீளம், அகலம், தடிப்பு, எண்ணிக்கை ஆகியவற்றைப் பட்டியலிடுதல் வேண்டும்.

ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீட்டரே. ஆகவே தாங்கியைப் பாதியாகச் சுருக்கி, 1:2 என்னும் விகிதத்தில் வரைய நேரும். விகிதத்தை எழுதுக, கோட்டை அளந்து வெட்டலாகாது, எழுதிய எண்ணைப் பார்த்தே வெட்ட வேண்டும் என்பதையும் கற்பிக்க. முகப்பு, மேல், பக்கம் ஆகிய மூன்று தோற்றங்களும் இருத்தல் நன்று.

அலகையும் மறத்தலாகாது. அமெரிக்கா 1998-இல் செவ்வாய்க்கு ஏவிய விண்கலம் ஒன்று 1999 செப்டம்பர் 23-இல் அழிந்தது. ஒரு குழு பவுண்டு அலகில் தந்த கணக்கை மற்றொரு குழு நியூட்டன் அலகெனக் கொண்டதே காரணம். தேர்ந்த அறிஞர்க்கே இது நேருமாயின், சிறுவர்க்குச் சொல்லவும் வேண்டுமோ?

ஒப்படைப்புக்கு முன் ஒரு சோதனை செய்க. வரைவை அடுத்த குழுவிடம் கொடுத்து, உரியவர்களை வாய் திறவாதிருக்கச் செய்க. பெறுவோர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் தாளில் விடுபட்ட ஒன்றைக் காட்டும். வாய்வன்மை மிக்க மாணவன் குறைவரைவையும் பேசியே காத்துக்கொள்வான். கூச்சமுள்ள பிள்ளையின் நல்வரைவோ கவனிப்பாரின்றிப் போகும். இச்சோதனையில் இருவர்க்கும் ஒரே நீதி.

ஒப்படைத்தபின் மாற்றம் நேர்ந்தால் அதனை அத்தாளிலேயே தேதியிட்டுக் குறித்து, குழுவினர் அனைவரும் கையெழுத்திடுக. பழைய படிகளை அகற்றுக. மரம் வீணாயின் வேறு வாங்கலாம். கூடிச் செய்யும் பிள்ளைகளிடையே நம்பிக்கை வீணாயின் அதை மீட்டல் அரிது.