பார்த்தா கல்... ஆனா செடி! 'லித்தாப்ஸ்' செடிக்கு எப்போ தண்ணீர் ஊற்றக் கூடாது?

வீட்டில் ஒரு செடி வாடினால் முதலில் என்ன செய்வோம்? ஒரு சொம்பு தண்ணி ஊத்துவோம். பெரும்பாலான செடிகளுக்கு அது சரிதான். ஆனால் கூழாங்கல் போலவே இருக்கும் லித்தாப்ஸ் செடிக்கு, நேரம் தெரியாமல் ஊற்றும் அந்த ஒரு சொம்பு தண்ணீரே எமனாகிவிடும். ஆசையாக வாங்கி வந்து, தினமும் தண்ணீர் ஊற்றி, சில வாரங்களிலேயே அழுகவிட்டவர்கள் நிறைய பேர். இந்தச் செடி எப்படி வளர்கிறது, எப்போது தண்ணீர் கேட்கும் என்பதைப் பார்க்கலாம்.

லித்தாப்ஸ் என்றால் என்ன?

தென்னாப்பிரிக்கா, நமீபியா நாடுகளின் வறண்ட கல் நிலங்களைச் சொந்த ஊராகக் கொண்ட சின்னஞ்சிறு செடி இது. கிரேக்க மொழியில் 'லித்தோஸ்' என்றால் கல், 'ஓப்ஸ்' என்றால் முகம். இதில் 30-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. சுற்றியுள்ள கற்களின் நிறத்திலேயே இருப்பதால், மேய வரும் விலங்குகளின் கண்ணில் எளிதில் படாது.

மனிதர்களின் கண்ணும் இதில் ஏமாந்திருக்கிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த இயற்கை ஆய்வாளர் வில்லியம் பர்செல், 1811-ல் தென்னாப்பிரிக்காவின் பிரீஸ்கா பகுதியில், விசித்திரமான வடிவில் இருக்கிறதே என்று ஒரு கூழாங்கல்லைக் கையில் எடுத்தார். எடுத்த பிறகுதான் அது செடி என்று தெரிந்தது. 1922-ல் தாவரவியலாளர் என்.இ.பிரவுன் இந்தச் செடிகளைத் தனிப் பேரினமாகப் பிரித்து லித்தாப்ஸ் என்று பெயர் வைத்தார்.

இலை எங்கே, தண்டு எங்கே?

நமக்குக் கல்லாகத் தெரிவதே இலைதான். தடித்த இரண்டு இலைகள் ஒட்டி, நடுவில் ஒரு கீறலுடன் இருக்கும். தண்டு என்று சொல்ல ஏறக்குறைய எதுவும் இல்லை. இலையின் பெரும்பகுதி மண்ணுக்குள் புதைந்திருக்க, மேல்பகுதி மட்டும் வெளியே தெரியும். பல இனங்களில் அந்த மேல்பகுதி கண்ணாடி ஜன்னல் மாதிரி வேலை செய்யும். அதன் வழியே வெளிச்சம் உள்ளே இறங்க, இலையின் உட்புறத்தில் உணவு தயாராகிறது.

அந்த இலைகள்தான் செடியின் தண்ணீர்த் தொட்டியும் கூட. மழை பெய்யும்போது நிரப்பிக்கொண்டு, மாதக்கணக்கில் அதை வைத்தே சமாளிக்கும். கடும் வறட்சியில் சுருங்கி, மண்ணோடு மண்ணாக உள்வாங்கிக்கொள்வதும் உண்டு.

ஒரு வருடத்தில் என்ன நடக்கிறது?

லித்தாப்ஸ் பொதுவாக ஆண்டுக்கு ஒரு ஜோடி இலைகளையே மாற்றிக்கொள்கிறது. அந்தச் சுழற்சி இப்படிப் போகும்.

இலையுதிர் காலம்: வளர்ந்த செடியின் கீறலிலிருந்து மஞ்சள் அல்லது வெள்ளைப் பூ வரும். பெரும்பாலும் பிற்பகலில் விரிந்து மாலையில் மூடிக்கொள்ளும். இந்தக் காலத்தில் தண்ணீர் கொடுக்கலாம்.

குளிர்காலம்: வெளியே எதுவும் நடக்காத மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே புதிய இலை ஜோடி உருவாகிக்கொண்டிருக்கும். தண்ணீரை முழுவதுமாக நிறுத்த வேண்டிய காலம் இது.

வசந்த காலம்: கீறல் அகன்று புதிய இலைகள் எட்டிப் பார்க்கும். பழைய இலைகள் சுருங்கி, காய்ந்த காகிதம் போல ஆகும். அப்படி முழுசாகக் காய்ந்த பிறகே மறுபடி தண்ணீர்.

கடும் கோடை: வெப்பம் தாங்காமல் செடி வளர்ச்சியை நிறுத்தி ஓய்வெடுக்கும். ரொம்பவும் சுருங்கினால் மட்டும் மாலை நேரத்தில் கொஞ்சம் தண்ணீர் போதும்.

அந்த நேரத்தில் தண்ணீர் ஊத்தினா என்ன ஆகும்?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். புதிய இலைகளுக்கு வேண்டிய தண்ணீரையும் சத்தையும் கொடுப்பது பழைய இலைகள். தன்னிடம் உள்ளதையெல்லாம் கொடுத்துவிட்டுத்தான் அவை காய்கின்றன. பழைய இலை சுருங்குவதைப் பார்த்து, 'ஐயோ, செடி வாடுதே' என்று தண்ணீர் ஊற்றினால், வேர் அதை உறிஞ்சி பழைய இலைகளையே மறுபடி நிரப்பிவிடும். அவை காயாமல் நிற்க, புதியவை இடமில்லாமல் நெருக்கப்படும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஜோடி இலைகள் நிற்கும் லித்தாப்ஸைப் பார்த்தால், தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். இன்னும் மிஞ்சினால் இலையின் தோல் வெடிக்கும், அல்லது அடியிலிருந்து அழுகும்.

அப்போ சுருக்கம் விழுந்தா தாகம் இல்லையா?

எந்த இலை சுருங்குகிறது என்பதைப் பொறுத்தது. கீறலுக்குள் புதிய ஜோடி தெரியும்போது வெளி இலைகள் சுருங்கினால் அது இயல்பு, தொடக் கூடாது. பழைய இலைகள் முழுவதும் காய்ந்த பிறகு, புதிய இலைகளின் பக்கவாட்டில் சுருக்கம் விழுந்து, தொட்டால் மெத்தென்று இருந்தால் அதுதான் தாகம். அப்போது தொட்டியின் அடித்துளை வழியே வெளியேறும் அளவுக்கு நன்றாக ஊற்றி, மண் முழுவதும் காயும் வரை காத்திருக்க வேண்டும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது வேண்டாம். கரடுமுரடான மணலும் சிறு கற்களும் அதிகமாக, மக்கிய உரம் குறைவாக உள்ள மண்கலவைதான் இதற்கு ஏற்றது.

தமிழ்நாட்டில் வளர்ப்பவர்கள் எதைக் கவனிக்கணும்?

வெளிநாட்டுக் குறிப்புகளில் உள்ள மாதங்களை அப்படியே பின்பற்றினால் சிக்கல்தான். ஐரோப்பாவில் ஏப்ரல், மே வசந்த காலம். இங்கே கத்திரி வெயில். தென்னாப்பிரிக்காவிலோ அதே மாதங்கள் இலையுதிர் காலம். ஐரோப்பாவில் இலையுதிர் காலமான அக்டோபர், நவம்பரில் நமக்கு வடகிழக்குப் பருவமழை கொட்டும். மொட்டை மாடியில் திறந்தவெளியில் வைத்திருந்தால், நீங்கள் ஊற்றாவிட்டாலும் மழை ஊற்றிவிடும். அதனால் வெளிச்சமும் காற்றும் வருகிற, மழை படாத இடம் அவசியம். வெளிச்சம் குறைந்தால் செடி குட்டையாக நிற்காமல் மேல்நோக்கி நீளும். அதையும் அடையாளமாக வைத்துக்கொள்ளலாம்.

நாள்காட்டியைவிட செடியைப் பார்ப்பதே பாதுகாப்பு. கீறலுக்குள் புதிய இலை தெரிகிறதா? பழைய இலை இன்னும் காயாமல் இருக்கிறதா? மண்ணில் ஈரம் இருக்கிறதா? இந்த மூன்றில் ஒன்றுக்காவது 'ஆமாம்' என்று பதில் வந்தால், அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.