ரசீது வாங்காமல் யோகா பாயை விரிக்காதீர்கள்

மாதம் ஐந்நூறு, எழுநூறு ரூபாய்க்கு வீட்டுப் பக்கத்திலேயே யோகா சொல்லித்தரும் இடங்கள் பெருகியிருப்பது நல்ல விஷயம். மாடிப் போர்ஷன், கல்யாண மண்டபத்தின் பின்கூடம், அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடி என்று கிடைத்த இடத்தில் நடக்கும் இந்த வகுப்புகளுக்குத்தான் முட்டிவலிக்காரர்களும், ஓய்வுபெற்றவர்களும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் பெண்களும் வருகிறார்கள். ஏ.சி. போட்ட ஜிம்முக்குள் காலெடுத்து வைக்கவே தயங்குகிறவர்கள் இவர்கள். இவர்களை ஏமாற்றுகிறவர்கள் மீதுதான் எனக்குக் கோபம் அதிகம். ஏமாந்த பிறகும் சும்மா இருந்துவிடும் நம் பழக்கத்தின் மீதும்தான்.

எந்த ஊர்க்காரர் வந்து சொன்னாலும் கதை ஒன்றாகவே இருக்கிறது. புத்தாண்டை ஒட்டியோ, ஜூன் 21 யோகா தினத்தை ஒட்டியோ ஒரு சலுகை. மாதம் எண்ணூறு, வருஷத்துக்கும் சேர்த்துக் கட்டினால் ஐயாயிரம்தான். ஜிபேயில் பணம் போகிறது. நாலாம் மாதம் ஆசிரியர் மாறுகிறார். ஐந்தாம் மாதக் கடைசியில் ‘ரினோவேஷன் வேலை, ஒரு வாரம் லீவு’ என்று வாட்ஸ்அப் குழுவில் தகவல். அடுத்து ஷட்டரில் ‘டு லெட்’ போர்டு. “பில் இருக்கா?” என்று கேட்டால் செல்போனை நீட்டி ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டுகிறார்கள். அதில் யோகா மையத்தின் பெயரே இல்லை; யாரோ ஒரு தனிநபரின் பெயர்.

முதலில் உடம்பைப் பற்றி. யோகா கற்றுத்தர நம் நாட்டில் உரிமம் எதுவும் வேண்டியதில்லை. ஆயுஷ் அமைச்சகத்தின் கீழுள்ள யோகா சான்றளிப்பு வாரியம் தேர்வு நடத்திச் சான்றிதழ் தருகிறது. ஆனால் அது கட்டாயமில்லை. எனவே ஆசிரியர் எங்கே படித்தார் என்று கேட்பது உங்கள் பொறுப்பு. கேட்டால் கோபித்துக்கொள்ளும் ஆசிரியரிடம் சேராதீர்கள். கண்ணில் குளுக்கோமா இருப்பவர்கள் சிரசாசனம், சர்வாங்காசனம் செய்தால் கண்ணழுத்தம் ஏறும். கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், குடலிறக்கம், கர்ப்பம் இருந்தால் கபாலபாதி கூடாது. எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் முதுகை வளைத்து முன்குனியும் ஆசனங்களை மருத்துவரிடம் கேட்காமல் செய்யக்கூடாது. சேரும்போது இதையெல்லாம் விசாரித்து எழுதி வாங்காத இடம் நல்ல இடம் அல்ல. ‘மூன்றே மாதத்தில் சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாம்’ என்று போர்டு வைத்திருந்தால் அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, வேறு இடம் பாருங்கள். நோய்க்காகவே யோகா தேடுகிறவர்கள் ஐந்தரை ஆண்டு பி.என்.ஒய்.எஸ். என்னும் யோகா, இயற்கை மருத்துவப் படிப்பு முடித்த மருத்துவரிடம் போவதே சரி. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது.

இனி பணம். மாதாமாதம் கட்டுங்கள். எவ்வளவு சலுகை சொன்னாலும் மாதாமாதம் கட்டுங்கள். மீறிப் போனால் மூன்று மாதம். கட்டியதற்கு ரசீது வாங்குங்கள்; அதில் மையத்தின் பெயர், உரிமையாளர் பெயர், முகவரி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்ற விவரம் இருக்க வேண்டும். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. ‘கட்டிய பணம் திரும்பத் தரப்படாது’ என்று பில்லில் அச்சடித்துவிட்டால் ஆயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். நடத்தாத வகுப்புக்கான பணத்தை அந்த ஒரு வரி அவர்களுடையதாக்கிவிடாது.

ஜி.எஸ்.டி. என்று தனியாக வாங்கினால் பில்லில் 15 இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டு எண் 33 என்று தொடங்கும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் உரிமையாளரின் சட்டப்பூர்வமான பெயர் வந்துவிடும். பின்னால் வழக்குப் போட அந்தப் பெயர்தான் தேவை. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்து பதிவும் செய்யாதவர் உங்களிடம் வரி வாங்கவே கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் யோகா மையங்களுக்கான வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. இன்னும் 18 போடுகிறவரிடம் ஏன் என்று கேளுங்கள்.

மையம் மூடிவிட்டதா? வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியேறாதீர்கள். கோபத்தில் எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான். உரையாடல் முழுவதையும் ‘எக்ஸ்போர்ட் சாட்’ கொடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். யு.பி.ஐ. பரிவர்த்தனை எண்ணோடு வங்கி ஸ்டேட்மென்ட் எடுங்கள். மூடிய ஷட்டரைத் தேதி தெரியும்படி படம் எடுங்கள்.

அடுத்து ஒரு கடிதம், வக்கீல் தேவையில்லை. கட்டியது 5,000, பன்னிரண்டு மாதத்துக்கு. நடந்தது ஐந்து மாதம். மீதி ஏழு மாதத்துக்கு 2,917 ரூபாயை 15 நாளுக்குள் தர வேண்டும் என்று கணக்கோடு எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். கிளை நிறுவனம் என்றால் தலைமை அலுவலகத்துக்கும் ஒரு பிரதி. அஞ்சல் துறை இணையதளத்தில் டெலிவரி விவரத்தை உடனே அச்செடுத்து வையுங்கள். ‘முகவரியில் இல்லை’ என்று உறை திரும்பி வந்தால் பிரிக்காதீர்கள். அப்படியே வைத்திருங்கள்; அதுவும் சான்று.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். அங்கே தரும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த எண்ணில் சொன்னதோடு வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அவர்கள் சமரசம் பேசத்தான் முடியும், உத்தரவு போட முடியாது. உத்தரவு போடும் இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். மையத்தின் தலைமை அலுவலகம் பெங்களூரில் இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் வரை செலுத்திய விவகாரங்களுக்குக் கட்டணமே இல்லை. இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். மனு, அதில் சொன்னது உண்மை என்ற பிரமாண வாக்குமூலம், ரசீது, அனுப்பிய கடிதம், அஞ்சல் சான்று இவ்வளவுதான். கேட்கும்போது மீதிப் பணத்தோடு வட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். மனுவில் கேட்காததை யாரும் எடுத்துத் தரமாட்டார்கள். காலக்கெடு இரண்டு ஆண்டு. ‘பார்க்கலாம்’ என்று தள்ளிப் போட்டே இந்த இரண்டு ஆண்டைத் தொலைத்தவர்கள் அநேகம். உத்தரவு வந்தும் பணம் தராவிட்டால் நிறைவேற்ற மனு போடலாம். உத்தரவை மீறுவதற்கு ஒரு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை உண்டு.

பலரிடம் வசூலித்துவிட்டு ஆள் தலைமறைவு என்றால் அது மோசடி. எல்லோரும் சேர்ந்து காவல் நிலையம் போங்கள். “இது சிவில் மேட்டர்மா, கோர்ட்டுக்குப் போங்க” என்று மேசையைவிட்டு எழாமலேயே அனுப்பப் பார்ப்பார்கள். மனுவைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். மறுத்தால் அதே மனுவை மாவட்ட எஸ்.பி.க்கோ ஆணையருக்கோ அஞ்சலில் அனுப்புங்கள். சட்டம் அந்த வழியைத் தந்திருக்கிறது.

இ.எம்.ஐ.யில் கட்டியவர்களுக்குக் கூடுதல் ஆபத்து. நீங்கள் கையெழுத்துப் போட்டது ஒரு நிதி நிறுவனத்தின் கடனுக்கு. மையம் மூடினாலும் தவணை நிற்காது. சொல்லாமல் நிறுத்தினால் சிபில் மதிப்பெண் அடிபடும். அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம்.

பணத்தோடு முடியாத விஷயங்களும் உண்டு. ‘எல்லோரும் வரலாம்’ என்று பேனர் கட்டிவிட்டு, சக்கர நாற்காலியில் வந்தவரை “உங்களுக்குச் சரிப்படாது சார்” என்று வாசலிலேயே அனுப்புகிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சேவை தரும் தனியாருக்கும் பொருந்தும். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் மனுக் கொடுக்கலாம். திருநங்கையருக்குச் சேவை மறுப்பதை 2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது.

ஆசனத்தைத் திருத்துகிறேன் என்ற பெயரில் தகாத முறையில் கை வைக்கும் ஆசிரியர்களைப் பற்றி வெளியே சொல்லாமல், வகுப்பை விட்டு நின்றுவிடும் பெண்கள் பலர். அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு மட்டுமல்ல, கற்க வரும் பெண்ணுக்கும் 2013 பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் இடமுண்டு. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடம் என்றாலோ, உரிமையாளர் மீதே புகார் என்றாலோ, மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் சமூகநல அலுவலகத்தில் கேளுங்கள். அங்கேயே சிலருக்கு அப்படி ஒரு குழு இருப்பது தெரியாது என்பது வெட்கக்கேடு. தெரியாது என்றால் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடமே மனுவை நீட்டுங்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். அதை நம்பி இருக்காதீர்கள். எழுத்து மூலம், ஆறு பிரதிகள், சாட்சிகள் பெயரும் முகவரியும். ஏழாவதாக ஒரு பிரதி எடுத்துப் போய், அதில் தேதியும் முத்திரையும் வாங்காமல் அந்த அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.