முப்பது நாளுக்குள் ஒரு கண் பரிசோதனை

1996-இல் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில், 29-ஆவது வாரத்திலேயே 1,250 கிராம் எடையோடு ஒரு பெண் குழந்தை பிறந்தது. இன்குபேட்டரில் வைத்துக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். விழித்திரையைச் சோதிக்க வேண்டும் என்று பெற்றோரிடம் யாரும் சொல்லவில்லை. இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. 2015-இல் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய 1.8 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. உயிரைக் காப்பாற்றிய கைகள் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டதன் விலை அது. குறைமாதக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் கண் பரிசோதனைத் தேதியை எழுதாமல் அனுப்பவே கூடாது என்பேன். பெரிய மருத்துவமனை தொலைவில் இருக்கும் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக்கு இது இரட்டிப்பு அவசியம்.

கருவில் நான்காம் மாத வாக்கில் விழித்திரையின் ரத்தக் குழாய்கள் கண் நரம்பின் அருகிலிருந்து வளரத் தொடங்குகின்றன. ஓரம்வரை போய்ச் சேரப் பத்து மாதமும் ஆகும். முன்கூட்டியே பிறந்தால் அந்த வளர்ச்சி பாதியில் நிற்கிறது. ஆக்சிஜன் மிகுந்தால் இன்னும் தடைபடுகிறது. பிறகு பசித்த விழித்திரை தாறுமாறாகப் புதுக் குழாய்களை வளர்க்க, அவை திரையை இழுத்துப் பிரித்துவிடும். கிருமித்தொற்று, செயற்கைச் சுவாசம், ரத்தம் ஏற்றுதல், எடை கூடாமை எல்லாம் ஆபத்தைக் கூட்டும். அப்படியென்றால் ஆக்சிஜனே வேண்டாமே என்று கேட்கலாம். 1950-களில் மேல்நாடுகளில் அதைக் கண்டபடி குறைத்துப் பார்த்தார்கள், குழந்தைகள் இறந்தன. நிறுத்துவது வழியல்ல. பாதத்தில் கருவி மாட்டி, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்த்துப் பார்த்து, அளவோடு கொடுக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1,500 கிராமுக்கு உட்பட்ட அல்லது 30 வாரத்துக்குள் பிறந்த குழந்தைகளைத்தான் பொதுவாகச் சோதிக்கிறார்கள். நம் நாட்டு நெறியோ 2,000 கிராம், 34 வாரம் என்கிறது. அதைவிடப் பெரிய குழந்தையும் கடும் நோயில் கிடந்திருந்தால் சோதிக்கச் சொல்கிறது. இங்கே சற்றுப் பெரிய குழந்தைகளும் இந்த விழித்திரை நோயால் பார்வை இழப்பதுதான் காரணம். பிறந்த 30 நாளுக்குள் முதல் சோதனை முடிய வேண்டும். 28 வாரத்துக்கு முன் அல்லது 1,200 கிராமுக்குக் குறைவாகப் பிறந்தால் இரண்டு, மூன்று வாரத்திலேயே. நம் ஊர் வழக்கம் குறுக்கே வருவதும் இங்கேதான். பச்சை உடம்புக்காரியையும் பிள்ளையையும் முப்பது கழியாமல் வெளியே அனுப்ப வீட்டுப் பெரியவர்களுக்கு மனம் வராது. ‘புள்ள நல்லாத்தானே முழிக்குது’ என்பார்கள். முழிக்கத்தான் செய்யும். தொடக்கத்தில் வெளியே ஓர் அடையாளமும் தெரியாது. கண்மணி வெள்ளையாகத் தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

சோதனை சில நிமிடம்தான். சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து, இமைகளைச் சிறு கம்பியால் விலக்கி, தலையில் மாட்டிய விளக்கொளியில் மருத்துவர் பார்ப்பார். குழந்தை வீறிட்டு அழும். பெற்றவளுக்கு அது பொறுக்காது, உண்மைதான். ஆனால் நோய் முற்றும் கட்டத்தில் இரண்டு மூன்று நாளுக்குள் லேசர் சிகிச்சையோ கண்ணுக்குள் ஊசியோ கொடுத்தால் பெரும்பாலான கண்களைக் காப்பாற்றிவிடலாம். விழித்திரை முழுதும் பிரிந்துவிட்டால் அறுவைச் சிகிச்சையால் மீள்வது மிகக் கொஞ்சமே.

தறிக் கூலியை விட்டுவிட்டு, கைக்குழந்தையோடு பஸ் மாறி மதுரைக்கு மறுபடி மறுபடி யார் போவது என்ற கேள்வி நியாயமானது. கர்நாடகத்தில் 2008 முதல் பயிற்சி பெற்ற பணியாளர்கள் மாவட்டங்களின் பச்சிளம் குழந்தைப் பிரிவுகளுக்கே கேமராவைக் கொண்டுபோய்ப் படமெடுக்க, பெங்களூரில் இருக்கும் மருத்துவர்கள் பார்த்துச் சொல்கிறார்கள். விருதுநகரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அதை நடுவாக வைத்து நாமும் இப்படியொரு ஏற்பாட்டைக் கேட்கலாம். அதுவரை, சீட்டில் எழுதிய தேதியைக் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் சொல்லி வைக்க வேண்டும். முதல் தடவை ‘ஒன்றுமில்லை’ என்றாலும், குழாய்கள் ஓரம்வரை வளர்ந்துவிட்டன என்று மருத்துவர் சொல்லும்வரை, அவர் குறித்துத் தரும் ஒவ்வொரு தேதிக்கும் பிள்ளையைக் காட்டியாக வேண்டும்.