தொழிற்சாலையில் ஆசிரியன்

தொழிலிலே கைதேர்ந்த ஒருவனை, அக்காரணம் பற்றியே, மேற்பார்வையாளனாக உயர்த்துதல் எங்கும் உள்ள வழக்கமாகும். அவ்வாறு உயர்த்தப்பட்டவன் பலவேளைகளிற் பெரிதும் இடர்ப்படுகின்றான். நேற்றுவரை தன் கை செய்த வேலையை இன்று பிறர் கை செய்யுமாறு செய்தல் வேண்டும்; அதற்குரிய ஆற்றலையோ அவனுக்கு எவரும் கற்பித்திலர். தலைமை பிறவிக்குணம் எனக் கொள்வோர், அவன் தவறுமிடத்து அவன் பிறப்பின்மேற் பழியை ஏற்றி அமைவர். அது கற்பிக்கத்தக்கதொன்றாயின், பழி கற்பியாதோரையே சாரும். இவ்விரண்டனுள் எது பொருந்துவது என ஆராய்வார்க்கு, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்த முயற்சியொன்று பெரிதும் பயன்படும்.

1940ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதத்தில், கைத்தொழிலகப் பயிற்சிச் சேவை என்னும் அமைப்பொன்று அந்நாட்டு அரசினால் நிறுவப்பட்டது. சானிங் டூலி, வால்ற்றர் டீற்ஸ் முதலியோர் அதனை நடத்தினர். அனுபவமிக்க தொழிலாளர் போர்ப்படைக்குச் சென்றுகொண்டிருந்தனர். ஆலையின் வாயிலையே முன்னர்க் கண்டிராத ஆடவரும் பெண்டிரும் அவர்தம் இடத்துக்கு வந்துகொண்டிருந்தனர். போர்க்கருவிகளுக்குக் கண்ணாடி வில்லை தேய்ப்போர் போதாமை முதலில் எதிர்ப்பட்டது. பல்லாண்டுப் பழக்கத்தாலன்றி எய்தலாகாதெனக் கருதப்பட்ட அத்தொழிலைக் கூறுபடுத்தி நோக்கியபோது, அதன் பகுதிகளுட் பல விரைவிற் கற்பிக்கத்தக்கன என்பது புலனாயிற்று. ஆயின், கற்பிப்பவர் யார்? தனியே ஆசிரியரை அமர்த்துதற்குக் காலமில்லை. ஆலையில் உள்ள மேற்பார்வையாளனே ஆசிரியனாதல் வேண்டும் எனத் துணியப்பட்டது.

அவர்கள் கைக்கொண்ட முறை புதியதன்று. முதல் உலகப்போரின்போது கப்பற்றளத் தொழிலாளரைப் பயிற்றுவித்த சாள்ஸ் அலன் என்பார், ஆயத்தஞ் செய்தல், எடுத்துக்காட்டல், செய்யப் பழக்கல், சோதித்தல் என நான்கு படிகளை வகுத்து, 1919இல் நூலொன்றும் வெளியிட்டிருந்தார். அந்நான்கு படிகளையும் நோக்குவார்க்கு, ஜேர்மன் தத்துவ ஆசிரியரான ஹேபாட்டின் பெயர் உடனே நினைவில் எழும். ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைகளிற் பாடக்குறிப்பு எழுதி அலுத்தவர்க்கு அவர் பழைய நண்பர். வகுப்பறையிற் பிறந்த முறை கப்பற்றளஞ் சென்று, அங்கிருந்து ஆலைதோறும் புகுந்தது.

பயிற்சியின் முதல்நாளில் நடைபெற்ற செய்முறைவிளக்கம் ஈண்டுச் சற்று விரித்துரைக்கத்தக்கது. மின்விளக்கின் கம்பியில் இடப்படும் முடிச்சொன்று உண்டு. பயிற்றுநர் கூட்டத்துள் ஒருவரை அழைத்து, அம்முடிச்சு இடும் வகையை வாயினாற் சொல்வார், கையாற் காட்டார். கேட்டவர் முடிச்சிட முயன்று தோற்பார். பின்னர் வேறொருவரை அழைத்து, வாய்திறவாது செய்து மாத்திரம் காட்டுவார், அவரும் தோற்பார். சொல்லுதலும் காட்டுதலும் தனித்தனியே போதா என்பது அவையிலுள்ள பத்துப்பேருக்கும் அப்போது விளங்கும். மூன்றாவதாக வருபவருக்கு நால்வகைப் படிகளும் முறையே கையாளப்படும். முதலில் அவரது அச்சம் நீக்கப்படும். அவர் முன்னறிந்தது வினவப்படும். பின்பு வேலை ஒவ்வொரு படியாகச் சொல்லிக் காட்டப்படும். ஒவ்வொரு படியிலும் தவறவிடலாகாத நுட்பம் எது என்பது அழுத்திக் கூறப்படும். அதன்பின் அவரே செய்வார். மீண்டும் செய்யும்போது நுட்பங்களைத் தம் வாயாலே விளக்குவார். இறுதியில் தனியே வேலையில் விடப்படுவார். ஐயம் வந்துழி யாரை அணுகுவது என்பதும் அவருக்குச் சொல்லப்படும். தொழிலாளி கற்றிலனாயின் கற்பித்தோனே தவறினான் என்பது இம்முறையின் அடிப்படை விதி. நம் வகுப்பறைகளில் இவ்விதியை ஏற்போர் எத்துணையர் என்னும் வினாவை ஈண்டு எழுப்பாது விடுகின்றேன்.

மேற்பார்வையாளனுக்கு வேண்டுவன ஐந்து என அவர்கள் வகுத்தனர்: தொழிலறிவு, பொறுப்புணர்வு பற்றிய அறிவு, கற்பிக்குந் திறன், வேலைமுறையைச் சீர்திருத்துந் திறன், மனிதரை நடத்துந் திறன். பின்னைய மூன்றுக்கும் தனித்தனிப் பாடநெறி உண்டு. ஒவ்வொன்றும் இரண்டு மணித்தியாலமாக ஐந்து அமர்வுகள். மனிதரை நடத்தும் நெறியிற் சொல்லப்பட்டவை மிக எளியன. ஒருவன் வேலை எவ்வாறுளது என்பதை அவனுக்கு அறிவித்தல். பாராட்டுக்குரியதை உரியபொழுதிற் பாராட்டுதல். அவனைத் தாக்கும் மாற்றங்களை முன்கூட்டியே சொல்லுதல். அவனது ஆற்றலை முற்றும் பயன்படுத்துதல். பிணக்கு நேர்ந்துழி, உண்மைகளை முழுதுந் திரட்டாமல் முடிபு கட்டலாகாது; முடிபின்படி நடந்தபின் விளைவைச் சென்று பார்த்தலும் வேண்டும். எளியனவாயினும் நாள்தோறும் மீறப்படுவன இவையே.

இம்முறைக்குக் குறையும் உண்டு. பயிற்றுநர் கைந்நூலில் உள்ளபடியே நடத்தல் வேண்டும். நினைவை நம்பலாகாது என்பது அதிற் காணப்படும் கட்டளை. ஒருவர் பலரைப் பயிற்ற, அப்பலர் மேலும் பலரைப் பயிற்றும் ஏற்பாட்டில், பாடம் திரிபடையாதிருத்தற்கு அது இன்றியமையாததே. எனினும், நெறி வகுப்பவர் மேலே இருக்க, தொழிலாளி அதனைப் பெறுபவனாகவே நிற்கின்றான். தொடர்ந்து கற்றல் என்பது அங்ஙனம் ஒருவழிப்படுமாயின் முழுமையுறாது என்பதே என் கருத்து.

1945இல் அச்சேவை நிறுத்தப்படுமுன், 16,500க்கு மேற்பட்ட ஆலைகளில் ஏறக்குறைய 17,50,000 பேர் சான்றிதழ் பெற்றிருந்தனர். போர் முடிந்தபின் அமெரிக்க ஆலைகள் அதனைப் பெரும்பாலும் கைவிட்டன. அமெரிக்கரது ஆட்சிக்குட்பட்டிருந்த யப்பானுக்கோ அது அவர்களாலேயே கொண்டுசெல்லப்பட்டது. ரொயோட்டா நிறுவனம் 1950களின் தொடக்கத்தில் அதனை ஏற்றுக்கொண்டது. யப்பானியர் அதனை அவ்வண்ணமே வைத்திருக்கவில்லை. 1951இல் ரொயோட்டாவில் தொழிலாளர் தம் யோசனைகளை எழுதிக்கொடுக்கும் ஏற்பாடு தொடங்கிற்று. 1962இல் கவோரு இஷிகாவா முதலியோரின் ஊக்கத்தினாற் தரக்கட்டுப்பாட்டு வட்டங்கள் தோன்றின. ஒரே இடத்தில் வேலைசெய்வோர் சிலர் தாமே கூடி, தம் வேலையிலுள்ள குறைகளை ஆராய்ந்து, ஒருவர்க்கொருவர் கற்பித்தனர். மேலிருந்து வந்த பாடம் இவ்வாறு இருவழிப்பட்டது.

1984இல் ரொயோட்டாவும் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனமும் கலிபோர்னியாவிற் கூட்டாக ஓர் ஆலையை நடத்தத் தொடங்கின. அமெரிக்கத் தொழிலாளர்க்கு யப்பானிய முறையைப் பயிற்றுதற்காக ரொயோட்டாவிற் பணியாற்றிய ஜோன் சூக் என்னும் அமெரிக்கர், பயிற்சிப் பாடங்களைத் தம் நாட்டார்க்கேற்ப அமைக்க முயன்று இடர்ப்பட்டார். அப்போது அவருடைய யப்பானிய நண்பர் தம்மிடமிருந்த மூலப்பிரதியை எடுத்துக் கொடுத்தார். மஞ்சளித்து, ஓரங்கள் மடிந்து, கோப்பிக்கறை படிந்திருந்த அக்கைந்நூல், போர்க்காலத்து அமெரிக்காவில் ஆங்கிலத்திலே அச்சிடப்பட்டது.