உயிரின் ஏடுகளும் ஒப்புநோக்கும் கருவிகளும்

பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய பதிப்பாசிரியர்கள் முதற்கண் மேற்கொண்ட பணி ஏடு திரட்டலாகும். 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையைப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை முதலிய பெரியார்கள் பல இடங்களிலிருந்தும் பிரதிகளை வருவித்து, அவற்றை ஒன்றோடொன்று ஒப்புநோக்கினர். ஏட்டெழுத்தில் மெய்க்குப் புள்ளியில்லை. ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடில்லை. எழுதுவோர் சோர்வினாற் சொற்கள் விடுபடுதலும் உண்டு. எனினும், ஓர் ஏட்டின் குறையைப் பிறிதோர் ஏடு நிரப்பிற்று. இரண்டு ஏடுகள் ஒரே இடத்தில் ஒரே பிழையைக் கொண்டிருப்பின், அவ்விரண்டும் ஒரு தாயேட்டின் வழிவந்தவை என்பதும் உய்த்துணரப்பட்டது. தனித்த ஏடு எத்துணைப் பழையதாயினும் தன்னைத் தானே விளக்கவல்லதன்று. பல ஏடுகள் ஓரிடத்திற் கூடியபோதே உண்மை புலனாயிற்று.

இன்றைய உயிரியல் ஆராய்ச்சியும் பெரும்பாலும் இந்நெறியினையே கைக்கொண்டுள்ளது. உயிர்களின் உள்ளே எழுதப்பட்டுள்ள ஏடுகளைத் திரட்டி, கணனியின் துணைகொண்டு அவற்றை ஒப்புநோக்கி ஆராயும் துறை உயிர்த்தகவலியல் எனப்படும். இத்துறையின் கருவிகள் வியக்கத்தக்கனவே. ஆயினும் அவற்றின் ஆற்றல் கணனியின் விரைவில் மாத்திரம் தங்கியதன்று. பலர் உழைத்துச் சேர்த்த பொதுக் களஞ்சியம் ஒன்று இல்லையாயின் அக்கருவிகள் பயனிழந்து நிற்கும். இத்துறையின் வரலாறு புகட்டும் முதற்பாடம் இதுவேயாகும்.

உயிரின் ஏட்டில் வழங்கும் எழுத்துக்கள் மிகச் சிலவாம். பரம்பரைப் பண்புகளைத் தாங்கும் டி.என்.ஏ. என்னும் பொருள் நான்கு எழுத்துக்களால் ஆயது. கலங்களிற் பெரும்பாலான தொழில்களைப் புரியும் புரதங்கள் இருபது வகை அமினோவமிலங்கள் நிரலாகக் கோக்கப்பட்ட மாலைகளாகும். ஒரு புரதத்தின் இந்நிரலை முழுமையாக முதன்முதல் வாசித்தவர் கேம்பிரிட்சைச் சேர்ந்த பிரடெரிக் சாங்கர் என்னும் அறிஞராவார். ஐம்பத்தோர் அமினோவமிலங்களையுடைய இன்சுலினின் அமைப்பை அவர் 1955ஆம் ஆண்டளவில் நிறுவி முடித்தார்; 1958இல் நோபல் பரிசும் பெற்றார். ஐம்பத்தோர் எழுத்துக்களை வாசிக்கப் பல்லாண்டு உழைப்பு வேண்டியிருந்தது என்பதிலிருந்து அக்காலத்து இடர்ப்பாட்டை ஒருவாறு ஊகிக்கலாம்.

வாசிக்கப்பட்ட நிரல்கள் வெவ்வேறு சஞ்சிகைகளிற் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒருங்கு திரட்டும் பணியை மேற்கொண்டவர் அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேரிலாந்து மாநிலத்திலே பணிபுரிந்த மாகிரற் டேஹொவ் அம்மையார். அவரும் அவருடன் உழைத்தோரும் 1965இல் வெளியிட்ட புரத நிரற் கோவையில் 65 புரதங்களின் நிரல்கள் இடம்பெற்றன. கணனியில் எளிதிற் பதிதற்பொருட்டு ஒவ்வோர் அமினோவமிலத்தையும் ஒற்றை எழுத்தாற் குறிக்கும் முறையை வகுத்தவரும் அவரே. இன்றளவும் உலகெங்கும் வழங்குவது அக்குறியீட்டு முறையேயாம்.

ஏடுகள் திரண்டபின் ஒப்புநோக்கும் முறை வேண்டப்பட்டது. ஓர் ஏட்டில் ‘மலைமேல் மழை பெய்தது’ என்றும் மற்றோர் ஏட்டில் ‘மலைமேல் பெய்தது’ என்றும் காணப்படுவதாகக் கொள்வோம். முதலெழுத்தோடு முதலெழுத்து, இரண்டாம் எழுத்தோடு இரண்டாம் எழுத்து என இயந்திரம்போல ஒப்பிட்டுச் சென்றால், முதற்சொல் நீங்கலாக எஞ்சியவை பொருந்தமாட்டா. இரண்டாம் ஏட்டில் ஒரு சொல் விடுபட்டதென அறிந்து அவ்விடத்தை வெற்றிடமாக விட்டால் யாவும் பொருந்திவிடும். வெற்றிடத்தை எங்கே, எவ்வளவு விடுவது என்பதே இங்குள்ள சிக்கல். நூற்றுக்கணக்கான எழுத்துக்களையுடைய இரு நிரல்களிடையே விடத்தக்க வெற்றிடங்களின் வகைகள் எண்ணிலடங்கா.

1970இல் நீடில்மன், வுன்ஷ் என்னும் இருவர் இதற்கொரு வழி கண்டனர். ஒரு நிரலை மேலேயும் மற்றதைப் பக்கத்தேயும் எழுதிக் கட்டங்கள் வரைதல் வேண்டும். எழுத்துப் பொருந்தினாற் புள்ளி கூட்டியும், பொருந்தாவிடினும் வெற்றிடம் விடினும் புள்ளி குறைத்தும் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிச் சென்றால், இறுதியில் மிகச் சிறந்த பொருத்தம் தவறாது கிடைக்கும். முழு நிரல்களையும் பொருத்தாது, அவற்றுள் மிக ஒத்த பகுதிகளை மாத்திரம் காணும் முறையை 1981இல் சிமித், வோற்றமன் என்போர் வகுத்தனர்.

எழுத்து மாற்றங்கள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. ஏடு பெயர்த்தெழுதுவோர் ரகர றகரங்களை மயங்குவது எளிது. மகரத்தைச் சகரமாக மயங்குவது அரிது. அவ்வாறே இயல்பில் ஒத்த இரண்டு அமினோவமிலங்கள் ஒன்றன் இடத்தை மற்றது பெறுதல் அடிக்கடி நிகழும். வேறுபட்டவை இடம் மாறுதல் புரதத்தின் தொழிலையே கெடுத்துவிடலாம். டேஹொவ் அம்மையார் 71 புரதத் தொகுதிகளில் நிகழ்ந்த 1,572 மாற்றங்களைக் கணக்கிட்டு, எம்மாற்றத்துக்கு எத்தனை புள்ளி வழங்கலாம் என்னும் அட்டவணையை 1978இல் வெளியிட்டார். கருவியின் அளவுகோல்தானும் களஞ்சியத்திலிருந்தே பெறப்பட்டமை இங்கே கருதத்தக்கது.

இம்முயற்சியின் பயனை 1983ஆம் ஆண்டு உலகறியக் காட்டிற்று. குரங்குகளிற் புற்றுநோயை விளைக்கும் ஒரு வைரசு உண்டு. அந்நோய்க்குக் காரணமான பரம்பரையலகின் நிரலை ஒரு சாரார் வாசித்திருந்தனர். காயம்பட்ட இடத்திற் குருதிச் சிறுதட்டுக்கள் சுரந்து, கலங்களைப் பெருகத் தூண்டும் ஒரு புரதத்தின் நிரலில் ஒரு பகுதியை வேறொரு சாரார் வாசித்திருந்தனர். முன்னவர் புற்றுநோயை ஆராய்ந்தோர். பின்னவர் வளர்ச்சித் தூண்டலை ஆராய்ந்தோர். கலிபோணியாவைச் சேர்ந்த இரசல் டூலிற்றில் என்பார் நிரல்களைத் தாமே சேகரித்துக் கணனியில் வைத்திருந்தார். அவர் இவ்விரண்டையும் ஒப்பிட்டபோது அவை ஏறத்தாழ ஒன்றாகவே பொருந்தின. இலண்டனில் மைக்கல் வோற்றபீல்டும் அவர்தம் குழுவினரும் அதே முடிபினை அதே யூலை மாதத்தில் வெளியிட்டனர்.

இதன் பொருள் யாது? வைரசு தாங்கிவந்த நோய்க்காரணி அயலிலிருந்து வந்த நஞ்சன்று. உடலின் இயல்பான வளர்ச்சிக் கட்டளையே கட்டுப்பாடிழந்து ஓயாது ஒலித்தமைதான் கலங்கள் வரம்பின்றிப் பெருகக் காரணமாயிற்று. இத்தகைய பேருண்மை இரண்டு நிரல்கள் ஒரு கணனியிற் சந்தித்தமையாற் புலப்பட்டது. அவற்றுள் ஒன்று எவருடைய மேசையறையிலாவது பூட்டிக் கிடந்திருப்பின், உலகிலுள்ள எந்தக் கருவியும் அப்பொருத்தத்தைக் கண்டிருக்கமாட்டாது.

ஆகவே களஞ்சியம் எவருக்கு உரியது என்னும் வினா எழுந்தது. டேஹொவ் அம்மையாரின் கோவை விலைக்கு விற்கப்பட்டது. அதனை மீளப் பகிர்வதற்கும் கட்டுப்பாடு இருந்தது. தம் நிரலைப் பிறர் கொண்டு பெயர்பெற்றுவிடுவர் என்று அஞ்சி, வெளியீட்டுக்கு முன் அதனைக் கொடுக்கத் தயங்கிய ஆராய்ச்சியாளரும் இருந்தனர். அமெரிக்க அரசு 1982இல் பொதுக் களஞ்சியம் ஒன்றை நிறுவ முன்வந்தபோது, அப்பணி லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தைச் சார்ந்தோரிடம் ஒப்படைக்கப்பட்டது. நிரல்களுக்கு உரிமை கோராது யாவர்க்கும் வழங்கும் திட்டத்தை அவர்கள் முன்வைத்தமை அதற்கு ஒரு காரணமாகும். முன்னோடியான அம்மையார் 1983 பெப்ரவரியிற் காலமானார். வழிகாட்டியவர் ஒருவர், வழியை அகலத் திறந்தவர் வேறொருவர் என்பது அறிவு வரலாற்றிற் புதிதன்று.

ஜென்பாங்க் எனப் பெயர்பெற்ற அக்களஞ்சியத்தின் 1982 டிசம்பர் வெளியீட்டில் 606 நிரல்களும் 680,338 எழுத்துக்களும் இருந்தன. ஐரோப்பாவிலும் யப்பானிலும் தோன்றிய இத்தகைய களஞ்சியங்கள் அதனோடு கைகோத்து, தம்மிடம் வரும் நிரல்களை நாள்தோறும் பரிமாறி வருகின்றன. நிரலைக் களஞ்சியத்திற் சேர்ப்பித்துப் பதிவெண் பெற்றாலன்றிக் கட்டுரையை ஏற்பதில்லை என்னும் விதியைச் சஞ்சிகைகள் 1980களின் பிற்பகுதி தொடக்கம் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றன. மனித டி.என்.ஏ.யை வாசித்தோர் 1996இல் பெர்மியூடாத் தீவிற் கூடி, வாசித்த நிரலை 24 மணித்தியாலத்துள் யாவர்க்கும் வெளியிடுவதென உடன்பட்டனர்.

களஞ்சியம் பெருகவே பழைய முறை போதாதாயிற்று. முந்நூறு எழுத்துள்ள இரு நிரல்களை ஒப்பிடவே தொண்ணூறாயிரம் கட்டங்கள் வேண்டும். கோடிக்கணக்கான எழுத்துக்களோடு ஒப்பிடுவதாயின் கூறவேண்டியதில்லை. இதற்கு விடையாக ஆல்ற்சூல், லிப்மன் முதலிய ஐவர் 1990இல் பிளாஸ்ற் என்னும் மென்பொருளை வெளியிட்டனர். கற்றறிந்த புலவர் ஒருவர் ஓரடி எந்நூலுக்குரியது எனத் தேடுங்கால் எல்லா நூல்களையும் எழுத்தெண்ணிப் படிப்பதில்லை. அவ்வடியிலுள்ள தனித்தன்மை வாய்ந்த தொடர் எங்கே பயில்கின்றது என முதலில் நோக்குவார். பிளாஸ்றும் அத்தகையதே. புரதமாயின் மூன்று எழுத்துக்களைக் கொண்ட சிறு துண்டுகளாக நிரலைப் பகுத்து, அவை நன்கு பொருந்தும் இடங்களை மாத்திரம் களஞ்சியத்தில் விரைந்து கண்டு, அங்கிருந்து இருபுறமும் ஒப்பீட்டை விரித்துச் செல்லும். மிகச் சிறந்த பொருத்தம் எக்காலும் தப்பாது என்னும் உறுதி இதற்கில்லை. விரைவின் பொருட்டுக் கொடுக்கப்பட்ட விலை அதுவாகும்.

அக்கருவி ஒவ்வொரு பொருத்தத்துக்கும் ஓர் எதிர்பார்ப்பெண்ணையும் தருகின்றது. இத்துணை நல்ல பொருத்தங்கள் தற்செயலாக எத்தனை கிடைக்கலாம் என்பதை அவ்வெண் உணர்த்தும். அது பத்தாயின், உறவு யாதுமின்றியே அத்தகைய பொருத்தம் பத்து கிடைக்கக்கூடும், எனவே பொருட்படுத்தத்தக்கதன்று. சுழியத்தை அணுகுந்தோறும் நம்பிக்கை வலுக்கும். களஞ்சியம் இருமடங்கானால் அதே பொருத்தத்தின் எண்ணும் இருமடங்காகும் என்பதையும் மாணவர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

கருவி கூறுவது ஒப்புமையை மாத்திரமே. அதிலிருந்து முடிபு காண்பது மனிதன் கடன். 2001 பெப்ரவரியில் மனித டி.என்.ஏ.யின் முதல் வரைவு வெளியானபோது, மனிதப் புரதங்களுள் 223 பற்றீரியாக்களின் புரதங்களை ஒத்திருத்தலும், ஈ, புழு, மதுவம் முதலியவற்றில் அவற்றுக்கு இணை காணப்படாமையும் எடுத்துக்காட்டப்பட்டன. பற்றீரியாக்களிலிருந்து முதுகெலும்புள்ள உயிர்களுக்கு அவற்றுட் பல நேரே தாவியிருக்கலாம் எனவும் கருதப்பட்டது. சில மாதங்களில் வேறு ஆராய்ச்சியாளர் மேலும் பல உயிர்களின் நிரல்களைச் சேர்த்து ஒப்பிட்டபோது, அத்தொகை நாற்பதளவாகச் சுருங்கிற்று. எஞ்சியவையும் ஈ, புழு முதலியவற்றின் முன்னோரிடம் இருந்து பின்னர் அழிந்தவையாதல் கூடும் என அவர்கள் காட்டினர். களஞ்சியத்தில் இல்லாதது உலகிலேயே இல்லாதது ஆகாது. கிடைத்த ஏட்டில் ஒரு செய்யுள் இல்லையென்பதால் அச்செய்யுள் எக்காலத்தும் இல்லையெனத் துணிதல் பதிப்பாசிரியர்க்கு ஒவ்வாதது போன்றதே இதுவும்.

பொதுக் களஞ்சியத்தின் விளைவு அண்மைக்காலத்தில் மேலும் தெளிவாயிற்று. கோவிட் நோயை விளைத்த வைரசின் ஏறத்தாழ முப்பதாயிரம் எழுத்துக்கள் 2020 சனவரியில் வெளியிடப்பட்டவுடன், உலகின் பல பாகங்களிலும் பரிசோதனை முறைகளும் தடுப்பு மருந்துகளும் அந்நிரலைக் கொண்டே திட்டமிடப்பட்டன. புரதங்களின் முப்பரிமாண அமைப்பைச் சேர்க்கும் களஞ்சியம் 1971இல் ஏழு அமைப்புக்களோடு தொடங்கியது. இன்று அது இரண்டு இலட்சத்தைக் கடந்துள்ளது. நிரலிலிருந்து அமைப்பை முன்னறியும் அல்பாபோல்ட் என்னும் கருவி பயின்றது அவ்வமைப்புக்களையும், பொதுவிற் கிடைத்த நிரல்களையுமேயாகும். அதனை ஆக்கிய டெமிஸ் ஹசாபிஸ், யோன் யம்பர் ஆகியோர் 2024இல் நோபல் பரிசிற் பங்கு பெற்றனர். பரிசு சிலர்க்கு உரியதாயினும், அதன் அடியில் அரைநூற்றாண்டாகத் தம் பெறுபேறுகளைப் பொதுவில் வைத்த பல்லாயிரவரின் உழைப்பு உள்ளது.

இக்களஞ்சியங்கள் தாமே நிலைத்து நிற்பனவல்ல. சுவிற்சர்லாந்தில் அமொஸ் பைரொக் 1986இல் தொடங்கிய சுவிஸ்-புரொட் என்னும் புரதக் களஞ்சியம், உலகெங்கும் பயன்பட்டும், 1996இல் நிதியின்றி மூடப்படும் நிலையை எய்திற்று. ஆராய்ச்சியாளர் பலர் குரலெழுப்பிய பின்னரே அது காக்கப்பட்டது. சுவடிகளைச் செல்லுக்கும் நெருப்புக்கும் இரையாக்கிய சமூகம் இழந்தவற்றின் அளவை இழந்தபின்பே உணர்ந்தது. புதிய ஏடுகளுக்குச் செல்லினால் அழிவில்லை; பராமரிப்போர் இன்மையால் அழிவுண்டு.

ஜென்பாங்க்கையும் பிளாஸ்றையும் இணைய வசதியுள்ள எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். கேம்பிரிட்சின் பேராசிரியர்க்குத் திறந்துள்ள அதே களஞ்சியம் ஒரு கிராமப் பாடசாலை மாணவனுக்கும் திறந்தே உள்ளது. மனிதனின் இன்சுலினையும் பன்றியின் இன்சுலினையும் அவன் ஒருமுறை ஒப்பிட்டு நோக்குவானாயின், ஐம்பத்தோர் எழுத்துக்களுள் ஒன்று மாத்திரமே வேறுபடுதலைத் தானே காண்பான். நீரிழிவு நோயாளர்க்குப் பன்றியின் இன்சுலின் பல்லாண்டு உயிரளித்தமைக்குரிய காரணம் அப்போது அவனுக்கு விளங்கும். பிறர் ஈந்ததைக் கொண்டு பயன்பெறுவோன், தான் கண்டதையும் பொதுவில் வைத்தல் கடனாகும். அக்கடன் தவறாது ஆற்றப்படுங்காறும் உயிரின் ஏடுகள் வளரும். அவற்றை ஒப்புநோக்கும் கருவிகளும் பயன் தரும்.