உங்கள் கம்ப்யூட்டரில் செரோக்கி இருக்கிறது, தெரியுமா?

தமிழில் டைப் செய்திட கீபோர்டைச் சேர்க்கும்போது, விண்டோஸ் மிக நீளமான மொழிப் பட்டியல் ஒன்றைக் காட்டும். அதில் செரோக்கி என்ற பெயரைக் கவனித்திருக்கிறீர்களா? அமெரிக்கப் பூர்வகுடிகளில் ஒரு பிரிவினரான செரோக்கி மக்களின் மொழி அது. இந்த இனத்தவர் 4 லட்சத்துக்கும் மேல் இருக்கிறார்கள். ஆனால் மொழியைச் சரளமாகப் பேசுபவர்கள் ஏறக்குறைய 2,000 பேர்தான் என 2019ல் தெரிய வந்தது. இவ்வளவு சிறிய மொழி நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் எப்படி வந்தது?

செக்வோயா என்ற வெள்ளி வேலைக் கலைஞருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனாலும் 1821ல் தன் மொழிக்குத் தனி எழுத்துகளை அவரே உருவாக்கி முடித்தார். நம் உயிர்மெய் போல, ஓர் அசைக்கு ஓர் எழுத்து. சில எழுத்துகள் ஆங்கிலம் போலத் தோன்றி நம்மை ஏமாற்றும். 'டபிள்யூ' போன்றதை 'லா' என்றும், 'டி' போன்றதை 'அ' என்றும் படிக்க வேண்டும்! 1828லேயே இந்த எழுத்தில் செய்தித்தாள் வெளியானது. பத்தே ஆண்டுகளில் அம்மக்கள் சொந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்டனர். வழியில் ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். பின்னர் வந்த விடுதிப் பள்ளிகள் பிள்ளைகளை ஆங்கிலத்துக்கு மாற்றின.

ஃபாண்ட் இல்லாமல் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்த தொல்லை நமக்கும் பழக்கமானதுதான். ஒவ்வோர் எழுத்துக்கும் உலகப் பொதுவான எண் தரும் யூனிகோட் அதைத் தீர்த்தது. தமிழ் அதில் 1991ல் இடம் பெற்றது. செரோக்கியின் 85 எழுத்துகள் 1999ல் சேர்ந்தன. 2003ல் மேக் கம்ப்யூட்டரிலும், 2010ல் ஐபோனிலும், 2012ல் விண்டோஸ் 8 மற்றும் ஜிமெயிலிலும் செரோக்கி வந்தது. இதில் ஐபோன்தான் முக்கியம் என்பேன். ஒக்லஹோமா மாநிலத்தின் டாலக்வா ஊரில் செரோக்கி வழியில் படிக்கும் குழந்தைகள், பள்ளி விட்டதும் நண்பர்களுக்கு ஆங்கிலத்தில்தானே மெசேஜ் அனுப்ப முடிந்தது!

நீங்களும் பார்க்கலாம். செட்டிங்ஸ் சென்று 'டைம் அண்ட் லேங்வேஜ்' பிரிவில் மொழியைச் சேர்க்கும் இடத்தில் செரோக்கியைத் தேர்ந்தெடுங்கள். நோட்பேடைத் திறந்து, விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தி மொழியை மாற்றி டைப் செய்திடுங்கள். எழுத்துகளைக் காட்டும் ஃபாண்ட்டின் பெயர் 'கடுகி'. தாளிக்கிற கடுகு இல்லை. 'சேர்ந்து உழைப்பது' என்பது பொருள். பயம் வேண்டாம், உங்கள் தமிழ் கீபோர்டு அப்படியே இருக்கும். பார்த்து முடித்ததும் அதே பட்டியலில் 'ரிமூவ்' கொடுத்து நீக்கிவிடலாம்.

ஆனால், டைப் செய்ய முடிவதால் மட்டும் மொழி பிழைத்துவிடுமா? செரோக்கியில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் பொருள் மாறும். எழுத்தில் அந்த ஏற்ற இறக்கமும் இல்லை, குறில் நெடில் வேறுபாடும் இல்லை. திரையில் உள்ளதைச் சரியாகப் படிக்க, பேசத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். 2019ல் செரோக்கி மக்களின் மூன்று அரசுகளும் கூடி மொழிக்கு அவசரநிலை அறிவித்தன. இப்போது டாலக்வாவில், வாரம் 40 மணி நேரம், இரண்டு ஆண்டுகள் பெரியவர்களுடன் உட்கார்ந்து பேசிப் பழகுவதற்கு இளைஞர்களுக்குச் சம்பளமே தருகிறார்கள்.