ஆகாயத்தில் ஸ்டியரிங் டைட்!

ஸ்கூட்டரில் கிளட்ச் கேபிள் இறுகினால் என்ன செய்வோம்? நாலு சொட்டு எண்ணெய்! 1956-ல் விற்பனைக்கு வந்த செஸ்னா 172 குட்டி விமானத்திலும் கேபிள்தான் சார். பைலட் பிடியைத் திருப்பினால் எஃகுக் கேபிள் கப்பிகள் மேல் ஓடி, இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் எய்லரான் மடலை அசைக்கும்.

பழைய விமானத்தில் பிடி கனத்தால் எண்ணெய் டப்பாவைத் தூக்கக் கூடாது. வழிந்த எண்ணெயில் தூசி ஒட்டி இன்னும் மக்கர் பண்ணும்! விவரமான மெக்கானிக் கேபிள் இணைப்பைக் கழற்றிவிட்டு, பிடியை மட்டும் ஆட்டிப் பார்ப்பார். அப்பவும் கனக்கிறதா? வம்பு பைலட் பக்கம். லேசாகிவிட்டதா? இறக்கைக்குள்ளே தேடணும். சுழலாமல் அடம்பிடிக்கும் ஒரு கப்பி சிக்கலாம். கேபிள் உரசி உரசி அதில் பள்ளமே விழுந்திருக்கும்.

வெயிலும் ஒரு வில்லன். அலுமினிய உடம்பு எஃகைவிட அதிகம் விரியும். கேபிள் தானாக இறுகும். அதனால்தான் அன்றைய வெப்பநிலையையும் பார்த்து முறுக்கு வைக்கிறார்கள். தரையில் கால் பெடல் மட்டும் கனத்தால் பதற வேண்டாம், அது முன்சக்கரத்தையும் சேர்த்துத் திருப்புகிறது.

ஓரங்கட்டி நிறுத்திப் பார்க்க நடுவானில் பிளாட்பாரம் ஏது? ரிப்பேர் முடிந்ததும் பிடியை இடப்பக்கம் திருப்பினால், இடது மடல் மேலே எழுகிறதா என்று கண்ணால் பார்த்தே ஆகணும். கேபிளை மாற்றி மாட்டிக்கொண்டு கிளம்பிய புண்ணியவான்கள் உண்டு!